நடுவழியில் தோல் சீட் உடைந்தால்

தோல் சீட்டில் பழகியவர்கள் வேறு சீட்டுக்கு லேசில் மாறமாட்டார்கள். முதலில் விறைத்துக்கொண்டு நிற்கும் தோல், ஓட்ட ஓட்ட உங்கள் இடுப்பெலும்புகள் ஊன்றும் இடத்தில் குழிந்துகொடுத்து, பிறகு வேறெவர் உட்கார்ந்தாலும் பொருந்தாத அளவுக்கு உங்களுடையதாகிவிடும். அதனால்தான் நடுவழியில் அது உடையும்போது பலருக்குக் கையும் ஓடுவதில்லை, காலும் ஓடுவதில்லை. டயர் கிழிந்தால் என்ன செய்வது என்று எல்லோருக்கும் தெரியும். சீட் உடைந்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. இந்த அத்தியாயம் அதற்காக.

பஞ்சு வைத்த சீட்டில் உங்கள் எடையைத் தாங்குவது உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் ஓடு. தோல் சீட்டில் ஓடு கிடையாது. சுமார் 5 மி.மீ. கனமுள்ள ஒரே துண்டுத் தோல், பின்னால் ஓர் இரும்புத் தகட்டிலும் முன்னால் மூக்குத் துண்டிலும் ரிவிட் அடிக்கப்பட்டு, இடையில் அந்தரத்தில் நிற்கிறது. கயிற்றுக் கட்டிலின் கால்மாட்டுக் கயிற்றை இழுத்துக் கட்டினால்தான் படுக்கை நிற்கும். இங்கே அந்த வேலையைச் செய்வது மூக்குக்கு அடியில் இருக்கும் ஒரு போல்ட். அடிக்கம்பிகளின் முன்முனையில் ஊன்றிக்கொண்டு அது மூக்கை முன்னால் தள்ளுகிறது. தோல் விறைக்கிறது. உங்களைத் தாங்குவது இந்த விறைப்புதான்.

ஆக, தோல் சீட் உடைந்துவிட்டது என்றால் இந்த இழுவை எங்கோ ஓரிடத்தில் போய்விட்டது என்று பொருள். போகக்கூடிய இடங்கள் ஐந்து: போல்ட், மூக்கு ரிவிட், நடுத்தோல், பின் ரிவிட், அடிக்கம்பி. எது போனது என்று கண்டுபிடித்து, இழுவையை மீட்பதுதான் உங்கள் வேலை. கிழிந்த இடத்தைத் தைப்பதிலேயே கண்ணாக இருந்தால், எவ்வளவு அழகாகத் தைத்தாலும் அடுத்த ஊர் வருவதற்குள் பிரிந்துவிடும்.

இங்கிலாந்தின் புரூக்ஸ் நிறுவனத்தின் பி-17 சீட்டை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். ஜான் போல்ட்பீ புரூக்ஸ் 1866-இல் பர்மிங்காமில் தொடங்கிய தோல் தொழில் அது. 1882-இல் சைக்கிள் சீட்டுக்குக் காப்புரிமை எடுத்தார். பி-17 நூறாண்டுக்கு மேலாக விற்பனையில் இருக்கிறது, அடிப்படை அமைப்பு மாறவில்லை. மற்ற நிறுவனங்களின் தோல் சீட்டுகளும் பெரும்பாலும் இதே முறையில்தான் நிற்கின்றன.

முதல் கால் மணி நேரம்

சத்தம் கேட்டதும் இறங்கிவிடுங்கள். எழுந்து நின்று மிதித்தபடியே ஊர் போய்ச் சேரலாம் என்று நினைக்காதீர்கள். உடைந்த கம்பியின் முனையோ, மூக்கு கழன்றபின் நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட்டோ, ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது தொடையைக் கிழித்துவிடும். சீட்டை முழுக்கக் கழற்றிவிட்டு வெறும் சீட் பைப்போடு ஓட்டுவது அதைவிட ஆபத்து. அதைச் செய்யவே கூடாது.

அடுத்து, வந்த வழியில் நூறடி திரும்பி நடந்து பாருங்கள். நட்டு, வாஷர், போல்ட்டின் உடைந்த பாதி, ரிவிட்டின் தலை, எது கிடந்தாலும் பொறுக்கிப் பையில் போடுங்கள். நாளை லேத் பட்டறையில் அளவு சொல்ல அந்த உடைந்த பாதி போதும். அது இல்லாவிட்டால் நீங்கள் கையால் காட்டும் அளவுக்கு அவர் ஒன்றைக் கடைந்து தருவார், அது பொருந்தாது.

பிறகு சீட்டின் அடியில் பாருங்கள். குனிந்து எட்டிப்பார்த்தால் பாதிதான் தெரியும். போனை அடியில் நீட்டிப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். சீட் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் பெரும்பாலும் அடிக்கம்பி. மூக்கு தொளதொளவென்று ஆடினால் போல்ட் அல்லது மூக்கு ரிவிட். நடுவில் தொய்ந்து, அடிக்கம்பிகளைச் சீட் பைப்போடு பிடிக்கும் கிளாம்ப்பின் தலை உங்களுக்குத் தட்டுப்பட்டால் தோல் நீண்டிருக்கிறது அல்லது கிழிந்திருக்கிறது.

உடையவில்லை, தொய்ந்திருக்கிறது

உடைந்துவிட்டது என்று பதறிக்கொண்டு வரும் சீட்டுகளில் சில உண்மையில் உடைந்தவை அல்ல. மழையில் நன்றாக ஊறிய தோல்மேல் நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டினால் அது நீண்டு தொய்ந்துவிடும். மேலே பிளாஸ்டிக் பை போட்டு மூடியவர்களுக்கும் இது நேர்வதுண்டு. மட்கார்டு இல்லாத பின்சக்கரம் வாரியடிக்கும் தண்ணீர் அடிப்பக்கத்தில் படுகிறது, அங்கே தோல் மெருகில்லாமல் பச்சையாக இருப்பதால் சட்டென்று உறிஞ்சிக்கொள்ளும். தென்மேற்குப் பருவமழையில் கேரளக் கரையோரம் போகிறவர்களும், ஐப்பசி கார்த்திகையில் நம் கடற்கரைச் சாலையில் போகிறவர்களும் அடிப்பக்கத்தைத்தான் முதலில் காக்க வேண்டும்.

ஈரமாக இருக்கும்போது போல்ட்டை முறுக்காதீர்கள். ஈரத்தோல் இழுத்த இழுப்புக்கெல்லாம் வரும், காய்ந்தபின் ரிவிட் துளைகளைக் கிழிக்கும். நிழலில், காற்றாட ஓர் இரவு விடுங்கள். டீக்கடை அடுப்போரம் வைத்துக் காய்ச்சுவது கொடுமை. ஈரத்தோல் கொதிக்கும் நீரின் சூட்டைத் தொடுவதற்கு முன்பே சுருங்கிக் கட்டைதட்டிவிடும்; அதற்குப் பிறகு எந்த மெழுகும் அதை மீட்காது.

காய்ந்தபின் ஸ்பேனரை எடுங்கள். கால் சுற்று முறுக்கி, மூக்கு முன்னால் நகர்கிறதா என்று பாருங்கள். கட்டைவிரலால் நடுவில் அழுத்தினால் லேசாக மட்டும் அமுங்க வேண்டும். உட்கார்ந்து ஒரு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, தேவைப்பட்டால் இன்னொரு கால் சுற்று. இந்த போல்ட்டைத் தினமும் முறுக்குகிறவர்கள் தங்கள் சீட்டின் மூக்கைத் தாங்களே கிழிக்கிறார்கள். அது அவசரத்துக்கு வைத்த ஏற்பாடு, வாராவாரம் செய்யும் பராமரிப்பு அல்ல.

போல்ட் முறிந்தால்

ஐந்தில் இதுதான் எளிது, ஆனால் பார்க்கப் பயங்கரமாக இருக்கும். சீட் முழுக்க உயிர்போனது மாதிரி தொங்கும். இந்த போல்ட்டுக்குத் தமிழ்ப் பயணிகளிடையே இழுவை போல்ட் என்று பெயர் இருந்தாலும் அது எதையும் இழுப்பதில்லை, தள்ளுகிறது. அதாவது அழுத்தத்தைத் தாங்கும் ஒரு முட்டு மட்டுமே. முட்டாக நிற்கக்கூடிய எதுவும் அதன் வேலையைச் செய்யும். அதே கனமுள்ள ஒரு போல்ட்டில் நட்டு ஒன்றைப் பாதிவரை ஏற்றி, அடிக்கம்பிகளின் முன்முனைக்கும் மூக்குத் துண்டுக்கும் இடையில் வைத்து, நட்டைத் திருப்பித் திருப்பி நீளத்தைக் கூட்டினால் தோல் விறைத்துவிடும். அதுவும் கிடைக்காவிட்டால் வேம்பு, கருவேலம் போன்ற கெட்டிக் கட்டையை அளவாகச் செதுக்கி இடையில் இறுக்குங்கள். குலுங்கும்போது நழுவாமல் இருக்கப் பழைய டியூப்பை நாடாவாக வெட்டிச் சுற்றிக் கட்ட வேண்டும்.

அடுத்த ஊரில் லேத் பட்டறைக்குப் போய் உடைந்த பாதியைக் காட்டிப் புதிதாக ஒன்றைக் கடைந்து வாங்குங்கள். வடக்கே போனால் லேத்துக்குக் கராத் என்று கேளுங்கள், வழிகாட்டுவார்கள்.

ரிவிட் பிடுங்கிக்கொண்டால், மூக்கில் கிழிந்தால்

பின்தகட்டு ரிவிட்டுகளில் ஒன்று போனால் அன்று மாலைக்குள் மற்றவையும் தளரும், ஏனென்றால் அதன் பங்கு இழுவையும் பக்கத்து ரிவிட்டுகள்மேல் விழுகிறது. உடனே ஏதாவது போட வேண்டும். உங்கள் சைக்கிளிலேயே மருந்து இருக்கிறது: தண்ணீர் பாட்டில் கூட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் 5 மி.மீ. அளவு. ஒரு கூட்டைக் கழற்றி, போல்ட்டை மேலிருந்து செருகி, அடியில் வாஷரும் நட்டும் போட்டு இறுக்குங்கள். நட்டு தளராமல் இருக்க நைலான் வளையம் வைத்த நட்டாக இருந்தால் நல்லது. தோலுக்குமேல் போல்ட் தலை புடைத்து நிற்கும். பின் ஓரத்தில் அது அவ்வளவாக உறுத்தாது. உறுத்தினால் மேலே ஒரு துண்டு டியூப்பை ஒட்டிக்கொள்ளுங்கள்.

மூக்கில் கிழிவதுதான் கடினமான காரியம். அங்கே குறுகலான தோல்மேல் மொத்த இழுவையும் வந்து சேர்கிறது. பெரும்பாலும் துளையிலிருந்து துளைக்குக் கோடு போட்டது போல் கிழிந்து, மூக்குத் துண்டு தனியே கழன்றுவரும். பழைய துளைகளை ஒட்டுப்போட்டுப் பயனில்லை, அந்தத் தோல் செத்துவிட்டது. கிழிசலுக்குப் பின்னால், ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் உள்தள்ளி, நல்ல தோலில் புதிய துளைகள் போட வேண்டும். தோல் அந்த அளவுக்குக் குட்டையாகிவிடுமே என்று யோசிப்பீர்கள். இழுவை போல்ட்டை முழுக்க உள்ளே திருப்பிவிட்டால் மூக்குத் துண்டு பின்னால் வரும்; அந்த இடம் பெரும்பாலும் போதும்.

இந்த வேலைக்குச் செருப்பு தைப்பவரைத் தேடிப் போங்கள், சைக்கிள் கடைக்குப் போகாதீர்கள். தோலில் குத்தூசியால் போடும் துளை ஒரு கீறலாகவே தொடங்கும், இழுவை வந்ததும் அது நீளும். வட்டமாக வெட்டியெடுக்கும் பஞ்ச் அவரிடம் இருக்கும். பெல்ட்டுக்குத் துளை போடும் அதே கருவிதான். பேச்சு எப்படிப் போக வேண்டும் என்றால்:

"அண்ணே, இதைத் தைக்க வேணாம். இந்தக் கோட்டுல வட்டமா மூணு ஓட்டை மட்டும் போட்டுக் குடுங்க."

"தச்சாதாம்பா நிக்கும்."

"இது முழுக்க இழுவைல நிக்கிற தோல்ண்ணே. தையல் அறுத்துடும். போல்ட் போட்டுக்கறேன், அடியில ஒரு துண்டு தோல் மட்டும் வச்சுக் குடுங்க."

அவர் உடனே புரிந்துகொள்வார். தோலைப் பற்றி அவருக்குத் தெரிந்ததில் பாதிகூட நமக்குத் தெரியாது. அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டி எங்கே இழுக்கிறது என்று சொல்லிவிட்டால் உங்களைவிட நல்ல யோசனை ஒன்றை அவரே சொல்லக்கூடும். கேளுங்கள். உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருங்கள், அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். வட இந்தியாவில் இவரை மோச்சி என்று கேட்டால் யாரும் கைகாட்டுவார்கள்.

புதிய துளைகளில் போல்ட் போடும்போது மேலும் கீழும் அகலமான வாஷர் வேண்டும். சின்ன வாஷர் தோலில் புதைந்து, துளையோடு வெளியே வந்துவிடும். வாஷரின் ஓரத்தை அரத்தால் மழுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் கால்சட்டை இரண்டு நாளில் கிழியும்.

தோல் நடுவில் பிளந்தால்

வெடிப்பு சிறிதாக இருக்கும்போதே பார்த்துவிட்டால், அதன் இரண்டு முனைகளிலும் சின்ன வட்டத் துளை ஒன்று போடச் சொல்லுங்கள். வெடிப்பு அதற்குமேல் ஓடாது. பெரிதாகப் பிளந்துவிட்டதென்றால் அடியில் இன்னொரு தோல் வேண்டும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பிளவை மட்டும் மூடும் ஒட்டு, பிளவு விரியாமல் பார்த்துக்கொள்ளும், பாரத்தைத் தாங்காது. அடித்தோல் பின்தகட்டிலிருந்து மூக்குவரை முழுநீளமும் ஓடி, இரு முனையிலும் அதே ரிவிட் துளைகளில் போல்ட்டால் பிடிக்கப்பட வேண்டும். அப்போதுதான் இழுவை புதிய தோலுக்கு மாறும். பழைய தோல் மேல்போர்வையாக மட்டும் இருக்கும். அதில் உங்கள் குழிவு இருக்கிறது என்பதால் அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை.

எந்தத் தோல்? இன்று செருப்புக் கடைகளில் மேல்பாகத்துக்கு வைத்திருக்கும் மெல்லிய தோல் பெரும்பாலும் குரோமிய உப்பில் பதனிட்டது. மிருதுவாக இருக்கும், இழுத்தால் நீளும், நமக்கு ஆகாது. மரப்பட்டையில் பதனிட்ட தோல்தான் விறைப்பாக நிற்கும். வேறுபாடு காண ஓர் எளிய வழி உண்டு: ஓரத்தை வெட்டிப் பாருங்கள். குரோமியத் தோலின் நடுப்பகுதி நீலம் கலந்த சாம்பலாகத் தெரியும். பட்டைத்தோல் உள்ளும் புறமும் பழுப்பு.

தமிழ்நாட்டில் பட்டைத்தோல் நமக்கு வாய்த்த பாக்கியம். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் தோல் பதனிடும் முறை இங்கே நெடுங்காலமாக இருந்தது, ஈ.ஐ. தோல் என்று உலகச் சந்தையில் பெயர் வாங்கி, புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. திண்டுக்கல், திருச்சி வழியாகவோ ராணிப்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர் வழியாகவோ போகிறவர்கள் தோல் மண்டிகளில் பட்டைத்தோலில் வெட்டித்தள்ளிய துண்டு கேட்டால் கிடைக்க வாய்ப்புண்டு. மேற்கே போனால் கோலாப்பூர், கர்நாடகத்தின் அதணி. கோலாப்பூரிச் செருப்புக்குப் போடுவதும் பட்டையில் பதனிட்ட தோல்தான், அதன் அடித்தோல் நம் வேலைக்கு மிகப் பொருத்தம். எதுவும் கிடைக்காத ஊரில் பழைய சைக்கிள் டயரின் பக்கவாட்டுத் துணியை நீளவாக்கில் வெட்டிப் போடலாம். அதன் உள்ளே இருக்கும் நூல்கள் எளிதில் நீளாது.

செருப்பு தைப்பவரே இல்லாத வழியில் உடைந்தால், லக்கேஜ் கட்டும் அகல நாடா இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் இழுவை போல்ட்டை உள்ளே திருப்பி மூக்கைத் தளர்த்துங்கள். பின்தகட்டில் பை மாட்டுவதற்கு இரண்டு வளையங்கள் இருக்கும். அவற்றில் நாடாவைக் கோத்து, சீட்டின் மேலாக முன்னால் கொண்டுவந்து, மூக்கைச் சுற்றி இறக்கி, கை வலுவுக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவு இறுக்கிக் கட்டுங்கள். பிறகு போல்ட்டை வெளியே திருப்புங்கள். மூக்கு முன்னால் நகர நகர நாடா விறைக்கும். கையால் வராத இறுக்கம் இப்படி வரும். மேலே ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு ஓட்டலாம். சுகமாக இருக்காது, ஆனால் ஊர் போய்ச் சேர்க்கும்.

பிளக்காமல் தோலின் இரண்டு பக்கத் தொங்கல்களும் வெளியே விரிந்துபோன சீட்டுக்கு இன்னொரு வைத்தியம்: ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று நான்கு துளை, கீழ் ஓரத்திலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் மேலே, வட்டப் பஞ்ச் கருவியால் போட்டு, ஷூ கயிற்றால் ஒரு தொங்கலை மற்றதோடு சேர்த்து அடியில் இழுத்துக் கட்டுங்கள். பக்கங்கள் உள்ளே வர, நடு மேலே எழும்பும். சில மாடல்களைத் தொழிற்சாலையிலேயே இந்தத் துளைகளோடுதான் செய்கிறார்கள்.

அடிக்கம்பி முறிந்தால்

கம்பி ஒரே நாளில் முறிவதில்லை. முதலில் கிரீச்சிடும். எண்ணெய் விட்டுப் பார்ப்பீர்கள், போகாது. அந்தச் சத்தம் இரண்டு நாளைக்கு மேல் நீடித்தால் கிளாம்ப்பைக் கழற்றி, அது கடித்திருந்த இடத்தைத் துடைத்துப் பாருங்கள். மயிரிழைக் கோடு ஒன்று தெரிந்தால் அங்கேதான் முறியப் போகிறது. கிளாம்ப்பின் ஓரம் கடிக்கும் இடம், அல்லது கம்பி வளையும் இடம், இவ்விரண்டும்தான் பலவீனம். சீட்டைப் பின்னால் எவ்வளவு போகுமோ அவ்வளவு தள்ளி வளைவின்மேலேயே கிளாம்ப்பை இறுக்குவது, பின்வளையங்களில் கனமான பையைத் தொங்கவிடுவது, இரண்டும் கம்பியின் ஆயுளைக் குறைக்கும்.

முறிந்த இடம் நேர்ப்பகுதியில் இருந்தால் ஒரு நல்ல வழி உண்டு. சீட்டை முன்னாலோ பின்னாலோ நகர்த்தி, முறிவு கிளாம்ப்பின் தாடைக்கு நடுவில் வரும்படி வைத்து இறுக்குங்கள். இரண்டு முனைகளையும் கிளாம்ப்பே பிடித்துக்கொள்ளும். உட்காரும் நிலை கொஞ்சம் மாறும், முழங்கால் முணுமுணுக்கும், பொறுத்துக்கொள்ளலாம்.

வளைவில் முறிந்தால் கட்டுப் போட வேண்டும். கூடாரத்தின் இரும்பு முளை, பழைய ஸ்போக் நாலைந்து சேர்த்த கட்டு, எது கிடைத்தாலும் கம்பியோடு ஒட்டவைத்து, முறிவுக்கு இருபுறமும் ஹோஸ் கிளிப்பால் இறுக்குங்கள். தண்ணீர் மோட்டார் குழாய்க்குப் போடும் அந்தக் கிளிப் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். வழுக்காமல் இருக்க இடையில் டியூப் துண்டு. இந்தக் கட்டோடு மெதுவாக, பள்ளம் வரும்போதெல்லாம் எழுந்து நின்று, ஊர்வரை போகலாம்.

ஊரில் வெல்டிங் பட்டறை கட்டாயம் இருக்கும். லாரி நிற்கும் ஊராக இருந்தால் நல்ல கைகாரரே இருப்பார். அங்கே கவனிக்க வேண்டியவை சில, அவற்றை அவரிடம் விட்டுவிடாதீர்கள். தோலோடு சேர்த்து வெல்டு வைக்க ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். இழுவை போல்ட்டைக் கழற்றிவிட்டால், ரிவிட்டில் கை வைக்காமலே அடிக்கம்பிச் சட்டத்தை நெம்பி வெளியே எடுத்துவிடலாம். பட்டறைக்குச் சட்டம் மட்டும் போகட்டும். மேலே உள்ள குரோமிய அல்லது துத்தநாகப் பூச்சைக் கிரைண்டரால் தேய்த்து எடுக்கச் சொல்லுங்கள். பூச்சோடு பற்றவைத்தால் எழும் புகை அவர் நுரையீரலுக்கும் நல்லதல்ல, பற்றவைப்புக்கும் நல்லதல்ல. முனைக்கு முனை ஒட்டுவதைவிட, கிளாம்ப் பிடிக்காத இடமாக இருந்தால், இரண்டு அங்குலத் துண்டுக் கம்பி ஒன்றைப் பக்கத்தில் வைத்து நீளவாக்கில் பற்றவைப்பது பல மடங்கு உறுதி.

முக்கியமானது கடைசியில் வருகிறது. பற்றவைத்ததும் பெரும்பாலோர் பழக்கத்தில் அதைத் தண்ணீரில் முக்குவார்கள். விறைப்பான எஃகைச் சிவக்கச் சூடாக்கித் தண்ணீரில் முக்கினால் அது கடினமாகி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். நாற்பது கிலோமீட்டர் தாண்டி, பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி முறியும். "அண்ணே, தண்ணியில முக்காதீங்க, தானா ஆறட்டும்" என்று முன்பே சொல்லிவிடுங்கள். டைட்டானியக் கம்பி வைத்த சீட்டாக இருந்தால் சாலையோரப் பட்டறைக்குப் போகவே வேண்டாம். ஆர்கான் வாயு இல்லாமல் அது பற்றாது, கட்டோடு பெரிய நகரம்வரை போக வேண்டியதுதான்.

எப்போது விட்டுவிடுவது

தோல் சீட்மேல் உள்ள பிரியத்தில் சாய்ந்த சீட்டிலேயே நாட்கணக்கில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் இடுப்பு ஆடும், ஒரு முழங்கால் அதிகம் உழைக்கும், தொடையிடுக்கில் புண் வரும். அந்தப் புண் பயணத்தையே நிறுத்திவிடும். சீட் நேராக நிற்கவில்லை என்றால், அல்லது மரத்துப்போகும் உணர்வு இறங்கிய பின்னும் நீடித்தால், அன்றே ஒரு சாதாரண சீட் வாங்கிவிடுங்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது அடிப்பக்கம். ஸ்பிரிங் வைத்த பழைய உயர சைக்கிள் சீட்டுக்குத் தனிக் கிளாம்ப் உண்டு. அது 22.2 மி.மீ. உருண்டைப் பைப்பைத்தான் பிடிக்கும், உங்கள் பயண சைக்கிளின் சீட் பைப்பில் உட்காராது. கியர் சைக்கிள்களுக்கு வரும் சீட்டைக் கேளுங்கள். இரண்டு இணைக் கம்பிகள், 7 மி.மீ. கனம். கூடவே ஒரு கிளாம்ப்பும் கொடுத்தால் அதைக் கழற்றி வைத்துவிடுங்கள், உங்களிடம் இருப்பதே போதும். விரலால் அழுத்தினால் அமுங்கிப் புதையும் ஜெல் சீட் கடையில்தான் சுகம். கெட்டியான, தட்டையான, பின்பாகம் சுமார் 17 செ.மீ. அகலமுள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.

தோல் சீட் உயரமானது. அடிக்கம்பியிலிருந்து மேல்தோல்வரை உள்ள தூரம் மற்ற சீட்டுகளைவிட அதிகம். எனவே புதிய சீட்டைப் போட்டதும் சீட் பைப்பை அந்த அளவுக்கு உயர்த்தியாக வேண்டும். பெடல் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்பரப்புவரை எவ்வளவு என்று உடைவதற்கு முன்பே அளந்து வைத்திருந்தால் குழப்பமில்லை. உயர்த்தும்போது பைப்பில் பொறித்திருக்கும் எல்லைக்கோடு வெளியே தெரியக் கூடாது. பழைய சீட்டைத் துணியில் சுற்றி ஸ்பீட் போஸ்ட்டில் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பின்தகடும் கம்பியும் நன்றாக இருந்தால் புதுத்தோல் போட்டுக்கொள்ளலாம். ரிவிட்டுக்குப் பதில் திருகாணி வைத்துச் செய்யும் பிரான்சின் ஜில் பெர்த்தூ போன்ற சீட்டுகளில் இது இன்னும் எளிது, எந்தப் பாகத்தையும் தனியே மாற்றலாம்.

மணாலி–லே போகிறவர்களுக்கு

நம்மவர்கள் பலர் தோல் சீட்டோடு போகும் கடினமான வழி இது என்பதால் தனியே சொல்கிறேன். கேலாங்கைத் தாண்டிவிட்டால் லே வரை சுமார் 360 கிலோமீட்டருக்குச் சைக்கிள் கடையை நம்ப முடியாது. இடையில் பாரலாச்சா லா கணவாய், 21 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட காட்டா லூப்ஸ், லாச்சுலுங் லா, பிறகு 5,300 மீட்டருக்கு மேலான தங்லங் லா. சர்ச்சு, பாங் போன்ற இடங்களில் இருப்பவை பருவகாலக் கூடாரங்கள். குலுக்கலான பகுதிகள் கம்பியைச் சோதிக்கும், வறண்ட காற்றும் வெயிலும் தோலின் ஈரத்தை உறிஞ்சும்.

கேலாங்கில் ஒரு நாள் தங்கி, சீட்டைக் கழற்றி, ஒவ்வொரு ரிவிட்டையும் விரலால் அசைத்துப் பாருங்கள். மெழுகை மேலே பூசியது போதாது, அடிப்பக்கத்திலும் பூசுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது தோலை இளக்கித் தொய்ய வைக்கும். சந்தேகமான கோடு ஒன்று கம்பியில் தெரிந்தாலும் அங்கேயே முடிவெடுங்கள்: திரும்பி மணாலி இறங்கி வேறு சீட் வாங்குவது ஒரு நாள் வேலை. பாங்கில் முறிந்தால் லாரி பிடித்துத்தான் போக வேண்டும். அந்தச் சாலையில் லாரி ஓட்டுநர்கள் கம்பி, கயிறு, நட்டு எல்லாம் வைத்திருப்பார்கள், கேட்டால் தயங்காமல் தருவார்கள்.

அந்த வழிக்கு மட்டுமாவது ஒரு சின்னப் பையைச் சீட்டின் அடியில் கட்டிக்கொள்ளுங்கள். உதிரி இழுவை போல்ட் ஒன்று, அதற்குரிய ஸ்பேனர், 5 மி.மீ. போல்ட் மூன்று நட்டோடு, அகல வாஷர் ஆறு, ஹோஸ் கிளிப் நான்கு, அகல நாடா இரண்டு, மெழுகு நூலும் தடித்த ஊசியும், உள்ளங்கை அளவு பட்டைத்தோல் ஒரு துண்டு. எந்தப் பழுதைச் சரிசெய்தாலும் முதல் ஐந்து கிலோமீட்டரில் ஒருமுறையும், அன்று மாலை ஒருமுறையும் நட்டுகளை இறுக்கிப் பாருங்கள். புதிய தோலும் புதிய நாடாவும் முதல் நாளில்தான் அதிகம் நீளும்.